சீட் கிடைத்துவிட்டது, தங்குவது எங்கே?

பிளஸ் 2 முடிவுகள் வந்த நாளிலிருந்து கலந்தாய்வு முடியும்வரை தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே பேச்சுதான்: கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு? இந்த மூன்றுக்கும் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது, பள்ளிகளிலேயே வழிகாட்டல் கூட்டங்கள் நடக்கின்றன. முன்பின் தெரியாத ஊருக்குப் பிள்ளையை அனுப்புவதா என்ற கேள்வி மட்டும் கடைசி நேர அவசரத்தில், பயத்திலோ ஆசையிலோ முடிவாகிறது. மூன்று, நான்கு ஆண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கிற கேள்விக்கு இரண்டு நாள்கூட நாம் ஒதுக்குவதில்லை.

கல்லூரி ஆசிரியராகவும் சில ஆண்டுகள் விடுதிக் காப்பாளராகவும் இருந்தவன் நான். படிப்பு ஏறாமல் பாதியில் நின்றவர்களைவிட, ஊர் ஒட்டாமல் நின்றவர்களே என் நினைவில் அதிகம். அவர்களில் பலர் நல்ல மதிப்பெண்ணோடு வந்தவர்கள். கல்லூரியில் இடம் கிடைத்தது. நிம்மதியாகத் தூங்கவும் நேரத்துக்குச் சாப்பிடவும் இடம் கிடைக்கவில்லை. வெளியூருக்குப் போவதா வேண்டாமா என்பதைக் கல்லூரியின் பெயரை வைத்து முடிவுசெய்கிறோம். அதை விடுதியை வைத்து முடிவுசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒதுக்கீட்டில் விடுதி வராது

பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. சென்னைக்குப் பஸ் ஏறி, வரிசையில் காத்திருந்து, திரையைப் பார்த்து ஒரு நிமிடத்தில் கல்லூரியைச் சொல்ல வேண்டிய பழைய அவதி இப்போது இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்ட கட்-ஆஃப்படி தரவரிசை வருகிறது. நம் சுற்று வந்ததும் விருப்பக் கல்லூரிகளைப் பதிவுசெய்ய மூன்று நாள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அதை ஏற்பதா, மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்று உறுதிசெய்ய இரண்டு நாள். பிறகு, சில நாட்களில் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. பட்டியலில் நாம் எந்த வரிசையில் எழுதினோமோ அதே வரிசையில்தான் கணினி இடம் தேடும். ஓசூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர், ‘கிடக்கட்டுமே’ என்று நாகர்கோவில் கல்லூரி ஒன்றை நடுவில் சேர்த்து வைத்தால், அது கிடைத்தேவிடலாம். அந்த ஊருக்கு எந்த ரயில் போகிறது, எத்தனை மணி நேரம், அங்கே நமக்கு யாரைத் தெரியும் என்ற பேச்சையே குடும்பம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. உறுதிசெய்யும் கெடுவுக்குள் அந்தப் பேச்சு முடிவதில்லை.

பலரும் கவனிக்காத இன்னொன்று, கல்லூரி இட ஒதுக்கீட்டில் விடுதி இடம் சேர்த்தி இல்லை என்பது. விடுதிக்குக் கல்லூரியில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தனியாகப் பணம் கட்ட வேண்டும். அறைகள் நிரம்பியிருந்தால், “வெளியில பாத்துக்குங்க சார்” என்ற பதில் வரும். பெட்டி, வாளி, தலையணையோடு வந்து இறங்கிய குடும்பம் அன்று சாயங்காலத்துக்குள் ஏதோ ஒரு தனியார் விடுதியில் முன்பணம் கட்டிவிட்டு ஊர் திரும்பும். பிள்ளை நான்கு ஆண்டு இருக்கப்போகும் இடத்தை அரை நாளில் பிடித்த கதைகளை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன்.

விவரம் கிடைக்காமல் இல்லை. கலந்தாய்வுக்காக வெளியிடப்படும் கல்லூரிகள் பற்றிய தகவல் தொகுப்பில், ஒவ்வொரு கல்லூரிக்கும் விடுதி உண்டா, சொந்தக் கட்டடமா வாடகையா, மெஸ் சைவமா அசைவமும் உண்டா, மாத மெஸ் கட்டணம், அறை வாடகை, மின் கட்டணம், காப்புத்தொகை, கல்லூரிப் பேருந்துக் கட்டணம், பக்கத்து ரயில் நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். போன ஆண்டு கட்-ஆஃப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்லும் பெற்றோரில் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர் மிகச் சிலரே.

நடேச முதலியார் கண்ட பிரச்சினை

ஊர் தெரியாத மாணவருக்குக் கல்லூரியைவிடத் தங்குமிடமே பெரிய தடை என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொன்னவர் டாக்டர் சி. நடேச முதலியார். மாவட்டங்களிலிருந்து சென்னைக் கல்லூரிகளுக்கு வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குச் சாதி காரணமாகத் தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைக்காத நிலையில், 1916-ல் திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ என்ற விடுதியை அவர் தொடங்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் அந்த இல்லத்தில் தங்கிப் படித்தவர்களில் ஒருவர். அவர் சேர்ந்து தோற்றுவித்த நீதிக்கட்சியின் வரலாற்றைப் பேசும்போது அரசாணைகளையும் தேர்தல்களையும் பேசுகிறோம். அதன் வேரில் ஒரு மாணவர் விடுதி இருந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி, மாவட்டந்தோறும் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல விடுதிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். 2025 ஜூலையில் இவற்றுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பொதுப்பெயர் அறிவிக்கப்பட்டது. தங்குமிடம், உணவு எதற்கும் கட்டணம் இல்லை. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் சேரப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு வேண்டும். மாணவிகளுக்கு அந்தத் தொலைவு விதியும் கிடையாது.

இந்த விடுதிகள் சிலவற்றின் நிலை வருத்தம் தருகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கழிப்பறை, தண்ணீர், காப்பாளர் இரவில் தங்காமை ஆகியவை பற்றிய புகார்கள் ஓய்ந்தபாடில்லை. ஆனாலும், கூலி வேலை பார்க்கும் குடும்பத்திலிருந்து ஒரு பெண் மாவட்டத் தலைநகருக்கு வந்து படிக்க முடிவதற்கு இன்றைக்கும் இவைதான் காரணம். இருக்கிற விடுதியைச் சீராக்கச் சொல்லிக் கேட்பதும், அதில் சேருவதும் ஒருசேர நடக்க வேண்டியவை.

சாதி இன்னும் கதவடைக்கிறது. நகரத்தில் நண்பர்கள் சேர்ந்து வீடு எடுக்கப் போனால், வாடகையைச் சொல்லும் முன் “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்கிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். “சைவம் மட்டும்” என்ற பலகைக்குப் பின்னாலும் பல நேரம் அதே கேள்விதான். ‘முதலாண்டு எங்காவது ஒட்டிக்கொள், பிறகு ரூம் எடுத்துக்கொள்ளலாம்’ என்று திட்டம் போடும் குடும்பங்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. ஆனால், சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

சென்னை என்று சொல்லப்படும் ஊர்

“எப்படியாவது சென்னையில கிடைச்சிட்டா போதும்” என்பது பிள்ளைகளின் ஆசை. ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், சென்னைக் கல்லூரிகள் என்று நாம் சொல்பவற்றில் மிகப் பல, சென்னையில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர், செங்கல்பட்டு நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் இருக்கின்றன. அங்கே விடுதியில் சேரும் மாணவர், நகரத்தின் நூலகத்தையோ கருத்தரங்குகளையோ பகுதிநேர வேலையையோ எளிதில் எட்ட முடியாது. மாலை வகுப்பு முடிந்தால் கல்லூரி வாசல், எதிரே டீக்கடை, அவ்வளவுதான். சென்னைக்குப் போகிறோம் என்று கிளம்பிய பிள்ளை, உண்மையில் போய்ச் சேர்வது ஒரு நெடுஞ்சாலைக்கு.

கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. தன்னாட்சி பெறாத, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பல்கலைக்கழகத் தேர்வு. சொந்த மாவட்டத்தில் இருக்கும் ஓரளவு நல்ல கல்லூரியை விட்டுவிட்டு, 400 கிலோமீட்டர் தாண்டி அதே தரத்தில் இன்னொரு கல்லூரிக்குப் போவதற்கு என்னால் நியாயம் காண முடியவில்லை. ஊர் மாறுகிறது, செலவு கூடுகிறது, படிப்பு அப்படியே இருக்கிறது.

போக வேண்டிய இடங்களும் இருக்கின்றன. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி., 1945-ல் தொடங்கிய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்றவற்றில் இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது போகலாம். மீன்வளப் படிப்புக்குத் தூத்துக்குடி, கால்நடை மருத்துவத்துக்கு வேப்பேரி அல்லது நாமக்கல் என்று, சில படிப்புகளுக்கு ஊர் தேடிப் போவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

பெருநகரம் மட்டுமே வெளியூர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி, பர்கூர், திருநெல்வேலி, சேலம் அரசு பொறியியல் கல்லூரிகள் சிறு நகரங்களிலும் நடுத்தர நகரங்களிலும் இருக்கின்றன. வீட்டை விட்டு முதன்முதலாக வெளியே போகும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இப்படிப்பட்ட ஊர் நல்ல தொடக்கம். செலவு குறைவு. கடைக்காரருக்கு முகம் தெரியும். மருத்துவமனைக்கு ஆட்டோவில் பத்து நிமிடத்தில் போய்விடலாம்.

பெண் பிள்ளை என்றால்

மகன் விஷயத்தில் ‘எங்கே கிடைத்தாலும் போகட்டும்’ என்கிற குடும்பம், மகள் விஷயத்தில் ‘போய்வரும் தூரத்தில் இருந்தால் பார்க்கலாம்’ என்கிறது. மகளின் கட்-ஆஃப் மகனைவிடக் கூடுதலாக இருந்தாலும் இதுதான் நிலை. பெற்றோரின் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. பயப்படக் காரணங்கள் உண்டு. ஆனால், அருகில் இருப்பதாலேயே ஒரு கல்லூரி பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்வதில் பெரிய பிழை இருக்கிறது.

போய்வரும் தூரம் என்பதைக் கடிகாரத்தில் அளந்து பாருங்கள். காலை 6.15-க்கு ஊர் முனையில் கல்லூரிப் பேருந்து. 8.15-க்குக் கல்லூரி. மாலை திரும்ப மறுபடியும் இரண்டு மணி நேரம். ஒரு நாளைக்கு 4 மணி நேரம்; ஆண்டுக்கு 200 வேலை நாள் என்று வைத்தால் 800 மணி நேரம்; நான்கு ஆண்டில் 3,200 மணி நேரம். அதிகாலை நான்கரைக்கு எழுந்து, இருட்டிய பிறகு வீடு வந்து, வீட்டு வேலையிலும் கைகொடுத்து, அதன் பிறகு படிக்கும் பெண்ணிடம், “ஹாஸ்டல் பொண்ணுங்க மாதிரி நீ ஏன் மார்க் வாங்கல?” என்று கேட்பது கொடுமை. நான் பார்த்தவரை, நூலகம், ஆய்வகத்தில் கூடுதல் நேரம், மாலை நேரப் பயிற்சி வகுப்பு, கல்லூரி விழா எல்லாவற்றிலிருந்தும் இந்த மாணவிகள் விலக்கப்பட்டிருக்கிறார்கள். நாலேகால் மணிக்குப் பேருந்து கிளம்பிவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

அரசு சில வசதிகளைச் செய்திருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப்பெண்’ திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப்புதல்வன்’ 2024 ஆகஸ்டில் வந்தது. வெளியூரில் படிக்கும் பிள்ளையின் கையில் மாதம் ஆயிரம் ரூபாய் இருப்பது சாதாரண விஷயமில்லை. சோப்பு, நாப்கின், ஜெராக்ஸ், ஊருக்கு வர டிக்கெட் எதற்கும் வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை.

மகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: பயத்தைக் கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள். விடுதி கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறதா? காப்பாளர் இரவில் அங்கேயே தங்குகிறாரா? ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில், யார் கூட்டிப்போவார்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் வந்தால், ஊர் எவ்வளவு தூரம் என்பது இரண்டாம்பட்சம். பதில் வராவிட்டால் பக்கத்து ஊராக இருந்தாலும் சேர்க்காதீர்கள்.

ஒரே படிக்கட்டு, பூட்டிய கேட்

கல்லூரி விடுதி கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் தனியார் விடுதிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

குடியிருப்புப் பகுதியில் ஒரு மூன்று மாடி வீடு. ஒவ்வோர் அறையையும் பிளைவுட் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருப்பார்கள். நான்கு இரும்புக் கட்டில்கள். நடுவே ஒருவர் நடந்தால் இன்னொருவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். எல்லா மாடிக்கும் ஒரே படிக்கட்டு. அதன் அடியில் வாஷிங் மெஷின், சிலிண்டர், வரிசையாக ஸ்கூட்டிகள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கிரில் கேட் பூட்டப்படும். சாவி காவலாளியிடம். அவர் சாப்பிடப் போயிருந்தால் சாவியும் அவரோடு போயிருக்கும். ‘பாதுகாப்பான விடுதி’ என்று பெற்றோரிடம் காட்டப்படுவது இந்தப் பூட்டைத்தான். தீப்பிடித்தால் அதே பூட்டு என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை.

2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பரவிய தீயிலும் புகையிலும் சிக்கி இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். பழைய கட்டடம் அது. அந்த வாரம் மாநிலம் முழுக்க விடுதி ஆய்வு பற்றிய பேச்சு எழுந்தது. பிறகு அடங்கிவிட்டது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 2014-லேயே வந்துவிட்டது. பெண்கள் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். ஆகவே, விடுதி பார்க்கப் போகும் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “வைஃபை இருக்கா?” அல்ல. “லைசென்ஸைக் காட்டுங்க” என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். இரண்டாவது வழி எங்கே என்று கேளுங்கள். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். விடுதிக்காரர் ஜி.எஸ்.டி. என்று சொல்லி வாடகையைக் கூட்டினால், ஒரு நபருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் இருக்கும், தொடர்ந்து 90 நாளாவது தங்கும் இடங்களுக்கு 2024-லேயே அந்த வரி விலக்கப்பட்டுவிட்டது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு நேரத்தையும் கேட்டுவிடுங்கள். அற்ப விஷயமாகத் தோன்றும். மாணவி ஒருத்தி தங்கியிருந்த விடுதியில் காலை உணவு எட்டு மணிக்கு. அவள் பிடிக்க வேண்டிய பஸ் ஏழு நாற்பதுக்கு. முதல் செமஸ்டர் முழுக்க அவள் காலையில் எதுவும் சாப்பிடாமலேயே வகுப்புக்கு வந்திருக்கிறாள். ஆய்வகத்தில் மயங்கி விழுந்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பணம் கட்டிய சாப்பாடு தினமும் வீணாகப் போயிருக்கிறது. வீட்டில் சொன்னால் ‘திரும்பி வந்துவிடு’ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பணக் கணக்கு

கல்விக் கட்டணத்தைத் துல்லியமாகக் கேட்டுக்கொள்ளும் குடும்பங்கள், தங்கும் செலவை ‘ஆகிற மாதிரி ஆகட்டும்’ என்று விட்டுவிடுகின்றன. விடுதிக்கும் சாப்பாட்டுக்குமாக மாதம் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குப் பத்து மாதத்தில் 70,000. நான்கு ஆண்டில் 2,80,000. பல குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணத்துக்கு இணையாக வந்து நிற்கும் தொகை இது. இதில் முன்பணம், விடுமுறை மாத வாடகை, ஊருக்கு வந்துபோகும் செலவு சேரவில்லை. தீபாவளி, பொங்கலுக்கு ஆம்னி பஸ் கேட்கும் கட்டணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அரசுப் பள்ளி மாணவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2021-ல் வந்த இந்த அறிவிப்பு, அந்த மாணவர்களுக்கு ஊரின் தூரத்தை ஒரு பொருட்டில்லாமல் ஆக்கிவிட்டது. அவர்கள் தயங்காமல் நல்ல கல்லூரியை மேலே எழுத வேண்டும். மற்றவர்களுக்கு வங்கிக் கடன் இருக்கிறது. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் விடுதிச் செலவும் கடனில் சேரும்; 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. கிளையில் கல்விக் கட்டணத்துக்கு மட்டும் விண்ணப்பம் எழுதச் சொன்னால், விடுதியையும் சேர்த்து எழுதுங்கள்.

முதல் சில வாரங்கள்

பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்த பிள்ளை, புதிய ஊரில் ஆங்கில வகுப்பில் உட்காரும்போது இரண்டு அடி ஒரே நேரத்தில் விழுகிறது. வகுப்பில் புரிவதில்லை; அறைக்கு வந்தால் பேச ஆள் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகள் தமிழ்வழியில் 2010 முதல் இருக்கின்றன. மற்றவர்கள் என்ன செய்வது? ஒரே மாவட்டத்திலிருந்து வந்த மூத்த மாணவர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் நான் அறிந்ததில் கைமேல் பலன் தந்த வழி. எந்தப் பேராசிரியர் தமிழில் விளக்குவார், எந்தப் பழைய நோட்டு உதவும், எந்த மெஸ்ஸில் நம் ஊர் ருசி இருக்கும் என்பதெல்லாம் அந்த மூத்தவருக்குத் தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முதல் மாதத்தில் பிள்ளை அழுதால், “நாளைக்கே கிளம்பி வா” என்று சொல்லாதீர்கள். வார இறுதிதோறும் ஊருக்கு வரச் சொல்லவும் வேண்டாம். வெள்ளி இரவு பஸ், ஞாயிறு இரவு பஸ் என்று அலையும் மாணவருக்கு அந்த ஊரில் நண்பர்கள் அமைவதேயில்லை. முதல் செமஸ்டர் தேர்வு வரை பொறுத்துப் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு நினைப்பு வேறு, ஆபத்து வேறு. பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டால், போனை எடுப்பதையே தவிர்த்தால், யாரையோ நினைத்துப் பயந்தால் பொறுமை காக்கக் கூடாது. அன்றே கிளம்பிப் போக வேண்டும். 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாடு 1997-ல் ராகிங் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது என்பதைப் பெற்றோர் தலைமுறை மறந்திருக்காது. ராகிங் புகாருக்கு 1800-180-5522, மன அழுத்தத்துக்கு 14416, பெண்களுக்கு 181. மூன்று எண்களும் பிள்ளையின் கைபேசியில் பதிவாகியிருக்க வேண்டும்.

திரும்பி வருவதும் ஒரு வழிதான், அதில் அவமானம் ஏதும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி, அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கை நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாட்களில் 90 சதவீதம், அந்த நாள் கழிந்து 15 நாட்களுக்குள் 80 சதவீதம், 30 நாட்களுக்குள் 50 சதவீதம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை. ‘நாலு வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் சர்ட்டிபிகேட்’ என்று மிரட்டினால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

செய்ய வேண்டியவை

குடும்பங்கள் விருப்பப் பட்டியலை எழுதுவதற்கு முன்பே ஊரைப் பற்றிப் பேசி முடிக்க வேண்டும். எந்தெந்த ஊர்கள் சரி, எவை வேண்டாம் என்று மே மாதத்திலேயே தாளில் எழுதுங்கள். அந்தப் பேச்சில் பிள்ளையின் சொல்லுக்குப் பாதி எடை கொடுங்கள். வேண்டாத ஊரின் கல்லூரியை ஒப்புக்குக்கூடப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மேலே இருக்கும் இரண்டு, மூன்று கல்லூரிகளுக்காவது நேரில் போய், விடுதியில் ஒரு வேளை சாப்பிட்டு, இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரோடு தனியாகப் பேசிவிட்டு வாருங்கள். அரசுப் பேருந்திலேயே போங்கள். பிள்ளை நாளை அதில்தான் வந்துபோகப் போகிறது.

கல்லூரிகள், தற்காலிக ஒதுக்கீடு கிடைத்தவுடனேயே விடுதி இடம் உண்டா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தூரத்து மாவட்ட மாணவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். முதலாண்டில் சேரும் ஒவ்வொருவருக்கும் அவர் மாவட்டத்து மூத்த மாணவர் ஒருவரைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், கலந்தாய்வு இணையதளத்தில் பிரிவுவாரிக் காலியிடங்களுக்குப் பக்கத்திலேயே விடுதிக் காலியிடங்களையும் காட்ட வேண்டும். ஒதுக்கீட்டை உறுதிசெய்ய இரண்டு நாள் போதாது. வெளிமாவட்டக் கல்லூரி கிடைத்தவர்களுக்கு நான்கு நாளாவது கொடுக்க வேண்டும். சமூகநீதி விடுதிகளில் சேர்க்கை, கல்லூரி திறந்து பல வாரம் கழித்து முடிவதாக இருக்கக் கூடாது. முதல் வகுப்பு நாளுக்குள் படுக்கை ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியர்கள், உரிமம் பெற்ற பெண்கள் விடுதிகளின் பட்டியலை முகவரி, கடைசியாக ஆய்வு நடந்த தேதி, படுக்கை எண்ணிக்கை ஆகியவற்றோடு மாவட்ட இணையதளத்தில் வெளியிட வேண்டும். ஆண்கள் தங்கும் விடுதிகளுக்கும் இதே போன்ற உரிமமும் தீயணைப்புத் துறை ஆய்வும் கட்டாயமாக வேண்டும். பையன்கள் எங்கேயும் படுத்துக்கொள்வார்கள் என்று அரசும் நினைக்கக் கூடாது. ஆய்வுகள் மே மாதத்துக்குள் முடிந்து, கலந்தாய்வின் முதல் சுற்று தொடங்கும் முன்பே இந்தப் பட்டியல் பெற்றோரின் கைக்கு வந்துவிட வேண்டும்.